அடுத்த பாகம் தேவையா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரு காலத்தில் பிள்ளைகள் காசு கொடுக்காமலே இரப்பர் கொட்டைகளை வைத்து விளையாடினர். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் காணொலி விளையாட்டுகளை விரும்புகின்றனர். புகழ்பெற்ற விளையாட்டின் அடுத்த பாகம் வெளிவந்ததும் அதனை வாங்கித் தருமாறு பெற்றோரிடம் கேட்கின்றனர். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஈட்டிய பணம் அதற்குச் செலவாகிறது. எனவே, விளையாட்டுகளுக்கு அடுத்தடுத்த பாகங்கள் தேவையா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

தொடர் பாகங்கள் அனைத்தும் வீண் அல்ல. ‘செல்டா’ விளையாட்டு 1986இல் தொடங்கியது. 2017இல் வந்த அதன் பாகம், கண்ணில் படும் மலைகளிலெல்லாம் ஏறிச் செல்லக்கூடிய பரந்த உலகைப் படைத்துப் பாராட்டுப் பெற்றது. ஆனால், ஆண்டுதோறும் வரும் காற்பந்து விளையாட்டுகளில் ஆட்டக்காரர் பட்டியலைத் தவிர அதிகம் மாறுவதில்லை என்ற குறை உண்டு.

ஒரே பாகத்தில் நிறைவடையும் விளையாட்டுகளும் உள்ளன. கனடாவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் ‘வெண்பா’வை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் சமைக்கிறாள். மகனோ தமிழைவிட்டு விலகுகிறான். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிகிறது. சிறந்த அறிமுக விளையாட்டுக்கான 2024ஆம் ஆண்டின் பாஃப்டா விருதை அது வென்றது.

புதிதாகச் சொல்ல ஏதேனும் இருந்தால் அடுத்த பாகம் வரட்டும். பெயரை மட்டும் நம்பி வந்தால், பெற்றோரின் உழைப்பை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டுமா?