கொள்முதலில் யார் சொல் செல்லும்?

சந்தையில் விளைபொருளை விற்கும்போது, எதிரே நிற்கும் வியாபாரியே விலை பேசுகிறார். அவரே பணமும் கொடுக்கிறார். பெரிய ஸ்தாபனங்களுக்கு விற்பது அத்தகையதன்று. 2002ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத் திருத்தம், உழவர்களே உற்பத்தியாளர் கம்பெனி அமைத்துக்கொள்ள வழி செய்தது. அவ்வாறு ஒன்றுகூடி ஆலைகளுக்கு நேரே விற்க முற்படுவோர், ஆலைக்குள் யார் சொல் எதற்குச் செல்லும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வெப்ஸ்டர், விண்ட் என்னும் பேராசிரியர்கள் 1972இல் இதனை ஆராய்ந்து, கொள்முதலில் ஐவகைப் பொறுப்பினர் உண்டு என்று வகுத்தனர். பயன்படுத்துவோர், கருத்துரைப்போர், வாங்குவோர், முடிவு செய்வோர், செய்தியை உள்ளே விடுவோர் என்பவர்களே அவர்கள்.

கோழித் தீவன ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம் வேண்டுமென்று கேட்பது உற்பத்திப் பிரிவு. ஈரப்பதம் எவ்வளவு, பூஞ்சை நச்சு உண்டா என்று சோதித்து உரைப்பது ஆய்வுக்கூடம். விலை பேசுபவர் கொள்முதல் அதிகாரி. அவரும் தமக்கு வரையறுத்த தொகை வரையிலேயே ஒப்பமிடலாம். அதற்கு மேற்பட்டால் மேலாளரும், இன்னும் மிகுந்தால் நிர்வாக இயக்குநரும் இசைய வேண்டும். நம் கடிதம் இவர்களிடம் சேர்வதோ, மேசையிலேயே கிடப்பதோ அலுவலக எழுத்தர் கையில் உள்ளது.

இத்தனை பேர் எதற்கு என்று நாம் சலிப்புறலாம். பொருளைக் கேட்பவரும், ஏற்பவரும், பணம் வழங்குபவரும் ஒருவரேயானால் முறைகேட்டிற்கு இடமுண்டாகும் அன்றோ? ஊராட்சியிலும் தலைவர் ஒருவரே ஒப்பமிட்டுப் பணம் எடுத்துவிட இயலாது. துணைத் தலைவரின் ஒப்பமும் வேண்டும். இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே.

இதனை அறியாமையால் நேரும் நட்டம் பெரிது. மாதிரியைப் பார்த்து, "நல்ல சரக்கு, கொண்டு வாருங்கள்" என்று ஒருவர் சொன்னதை நம்பி லாரி ஏற்றிவிடுகிறோம். அவர் கருத்துரைப்பவரேயன்றி முடிவு செய்பவர் அல்லர். ஆலை வாயிலில் உத்தரவு இல்லையென்று லாரி நிற்கிறது. வாடகை ஏறுகிறது, தானியம் மழையில் நனைகிறது, இறுதியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட நேருகிறது.

ஆகவே, பேச்சைத் தொடங்கும்போதே நான்கு கேள்விகளைப் பணிவுடன் கேட்போமாக. தரத்தை முடிவு செய்பவர் யார்? தங்களுக்கு எத்தொகை வரை அதிகாரம் உண்டு? அதற்கு மேல் ஒப்புதல் தருபவர் எவர்? பணம் எத்தனை நாளில் கிடைக்கும்?

அளவு, விலை, ஈரப்பத வரம்பு, சேர்க்கும் நாள் ஆகியவை குறித்த கொள்முதல் உத்தரவை, அதிகாரமுடையவர் ஒப்பத்துடன் பெற்ற பின்னரே மூட்டையை ஏற்ற வேண்டும். இறக்கியவுடன் எடை குறித்த வரவுச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். உத்தரவு, வரவுச் சீட்டு, நாம் அனுப்பும் பில் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் கணக்குப் பிரிவு பணம் வழங்கும்.

வாய்ச்சொல் நட்பை வளர்க்கும். ஒப்பமிட்ட தாளே பணத்தைக் கொணரும். இதனைச் சங்கக் கூட்டங்களில் எடுத்துரைப்பது நம் அங்கத்தினர்களின் கடமையாகும்.