ரப்பரும் கந்தகமும்

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர் என்பதை யாவரும் அறிவர். அங்கிருந்து தெற்கே சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில் ஒரகடம் என்னும் ஊர் உள்ளது. ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த அவ்வழியில் இன்று ஆலைகள் நிரைநிரையாக நிற்கின்றன. மோட்டார் வண்டி செய்யும் ஆலைகளோடு டயர் செய்யும் ஆலைகளும் அங்கு உள. அப்பல்லோ நிறுவனத்தின் டயர் ஆலை 2010ஆம் ஆண்டு முதல் ஒரகடத்தில் நடைபெற்று வருகிறது. மரத்தில் கசிந்த பால் பெரும்பாரம் தாங்கும் டயராவது எங்ஙனம்? அதனை அறிய, அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

அணுவின் புறக்கூடு எலக்ட்ரான்களால் நிறைந்தாலன்றி அணு அமைதி கொள்ளாது. நிறைவு பெறுதற்குக் கொடுத்தல் ஒரு வழி. சோடியம் தன் புறக்கூட்டிலுள்ள ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததும் கொண்டதும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று கவர்கின்றன. நாம் உண்ணும் உப்பு இவ்வகையினது. பங்கிடுதல் மற்றொரு வழி. ஹைட்ரஜன் அணுவிடம் ஓர் எலக்ட்ரானே உண்டு. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் தத்தம் எலக்ட்ரானைப் பொதுவில் வைத்தால், அவ்விணை இருவர்க்கும் உரியதாகிறது. அண்டை வீட்டார் இருவர் எல்லையில் ஒரு கிணறு வெட்டி, இருவரும் நீர் இறைத்தல் போன்றது இது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் 1916ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார். இதனைத் தமிழகத்துப் பாடநூல்கள் சகப்பிணைப்பு என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்கின்றன. கேட்ட அளவில் பொருள் விளங்க நிற்பது ஈழத்துச் சொல்லே என்பது என் கருத்து.

நீரும் சர்க்கரையும் இவ்வாறு பங்கிட்டுப் பிணைந்த மூலக்கூறுகளால் ஆயவை. ஈண்டு மாணவர் மயங்குவதோர் இடம் உண்டு. நீர் கொதித்து ஆவியாகும்போது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிரிவதில்லை. மூலக்கூற்றின் உள்ளே அணுக்களைப் பிணைக்கும் கட்டு வலியது. மூலக்கூற்றுக்கும் மூலக்கூற்றுக்கும் இடையேயுள்ள கவர்ச்சி மெலியது. கொதிநீரில் அறுவது மெலிந்த கவர்ச்சியே. பெட்டியில் துணியோடு இடும் அந்துருண்டை 80 பாகை செல்சியசில் உருகுவதும், உப்பு உருக 801 பாகை வேண்டப்படுவதும் இதனாலேயாம்.

இனி ரப்பருக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிக்கும் பாலில் உள்ளது நெடிய சங்கிலி போன்ற மூலக்கூறு. ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது ஒரு கண்ணி; அத்தகைய கண்ணிகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்தது ஒரு சங்கிலி. சங்கிலிக்குள் கட்டு உறுதியானது. சங்கிலிகளுக்கு இடையிலோ மெல்லிய கவர்ச்சி மட்டுமே. ஆதலின் வெயிலில் அவை வழுக்கி நழுவ, ரப்பர் பிசுபிசுக்கும், கடுங்குளிரில் விறைக்கும். கந்தகம் கலந்து சூடேற்றினால் இக்குறை நீங்குமென்று 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்டார். ஏன் நீங்கிற்று என்பதை அவர் அறியார். எலக்ட்ரான் என்னும் பெயரே அன்று பிறக்கவில்லை. கந்தகத்தின் புறக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள் உள்ளன. நிறைய இன்னும் இரண்டு வேண்டும். ஆகவே ஒவ்வொரு கந்தக அணுவும் இருபுறமும் பற்ற வல்லது. சில அணுக்கள் கைகோத்து நின்று, ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் பாலமிடுகின்றன. ஆலையில் டயரை அச்சிலிட்டு 150 பாகையை ஒட்டிய வெப்பத்தில் வேகவைக்கும்போது நிகழ்வது இதுவே. சாலையோரத்துப் பஞ்சர்க் கடையில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பதும் இத்தொழிலைக் குறித்ததே.

இவ்வுறுதியே தேய்ந்த டயரைத் தொல்லையாக்குகிறது. மெழுகை உருக்கி மீண்டும் வார்க்கலாம். டயரை அங்ஙனம் உருக்க இயலாது. சங்கிலிகள் யாவும் பிணைந்து ஏறத்தாழ ஒரே பெரு மூலக்கூறாகிவிட்டமையால், வெப்பம் மிகின் அது உருகாது கருகும். திறந்த வெளியில் எரித்தால் கரும்புகையோடு கந்தக டைஆக்சைடும் எழுந்து மூச்சுக்குக் கேடு செய்யும். ஆதலின் சங்கிலியை விடுத்துப் பாலத்தை மட்டும் அறுக்கும் வழியை வேதியியலார் தேடி வருகின்றனர். கந்தகமும் கந்தகமும் பிணைந்த கட்டு, கார்பனும் கார்பனும் பிணைந்த கட்டினும் மெலிந்தது என்பதே அவர்தம் பற்றுக்கோடு. ஆயினும் வேறுபாடு பெரிதன்று. பாலம் அறும்போது சங்கிலியும் ஆங்காங்கே அறுகிறது. அவ்வாறு மீட்ட ரப்பர் புது ரப்பரின் வலிமையைப் பெறுவதில்லை. அதனால் டயர் செய்வோர் அதனைப் புது ரப்பரோடு சிறிதளவே கலக்கின்றனர்.