பெரிய தொலைநோக்கி வேண்டுமா?

இரவு வானத்தைக் கண்டு வியவாதவர் யார்? அதைக் காண இருகண் தொலைநோக்கி வாங்குகையில், பெரியதே சிறந்தது என நாம் எண்ணுகிறோம்.

10×50 என்பதில் 10 உருப்பெருக்கம். 50 முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 20×80 கருவி இதைப்போல் இரண்டரை மடங்கு ஒளியைத் திரட்டும். கார்த்திகைக் கூட்டத்தின் மங்கிய விண்மீன்களையும் காட்டும். ஆனால் நம் கைநடுக்கத்தையும் 20 மடங்கு பெருக்கும். எடையோ ஏறத்தாழ 2 கிலோ! புள்ளியாக நிற்கவேண்டிய விண்மீன் கோடாக ஓடும். ஆகவே அதற்கு முக்காலியும் தேவை.

முக்காலிக்குப் பணமில்லையெனில் 10×50 போதும். முழங்கைகளைச் சுவரில் ஊன்றி நோக்கினால் வியாழனின் நிலவுகளையும் காணலாம். கதிரவனை மட்டும் எக்கருவியாலும் நோக்கலாகாது, கண் பறிபோகும்.

வாங்குமுன் கையில் ஏந்திப் பார்ப்போம். அசையாமல் பிடிக்க முடிந்ததையே தேர்ந்தெடுப்போம்.