பசு பாலை அடக்குவது ஏன்?

கன்றைக் கண்டதும் பசுவின் மடி விறைக்கும். காம்பில் பால் துளிர்க்கும். அதே பசு, புதிய ஆள் கறக்க உட்கார்ந்தாலோ, நாய் குரைத்தாலோ பாலை அடக்கிக்கொள்ளும். இதைப் பிடிவாதம் என்று எண்ணி மாட்டை அடிப்பவர்களும் உண்டு. உண்மையில் இது சுரப்பிகளின் வேலை.

மனிதனுக்கும் மாட்டுக்கும் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் உள்ளன. இவை சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தில் நேராகக் கலந்து உடலின் பல வேலைகளை நடத்துகின்றன.

பால் இறங்கும் விதம்

பசுவின் மடியில் உள்ள பாலில் சுமார் 20 சதவீதமே காம்புக்கு மேலுள்ள அறையில் நிற்கும். மற்றது நுண்ணிய பால் பைகளில் தங்கியிருக்கும். எருமையில் காம்புக்கு மேல் நிற்கும் பால் இன்னும் குறைவு.

கன்று ஊட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும் அந்த உணர்ச்சி நரம்பு வழியாக மூளையை அடைகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. சுமார் ஒரு நிமிடத்தில் அது மடியை அடைந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள தசையிழைகளைச் சுருங்க வைக்கிறது. பால் கீழே இறங்குகிறது. இதன் வேகம் சில நிமிடங்களே நீடிக்கும்.

குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாய்க்குப் பால் சுரந்து வழிவதும் இதே ஹார்மோனால்தான். கவலையும் அச்சமும் தாய்ப்பால் இறங்குவதைத் தடுப்பது போலவே, மிரண்ட மாட்டிலும் நடக்கிறது. அப்போது அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் அட்ரீனலின் மடிக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 1941ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இலி, பீட்டர்சன் ஆகிய இருவரும், காகிதப் பைகளை வெடிக்கச் செய்து மிரட்டிய பசுக்களில் பால் இறங்குவது தடைப்படுவதைக் கண்டனர்.

ஊசி வேண்டாம்

பாலை இறக்குவதற்காகச் சிலர் ஆக்சிடோசின் ஊசி போடுகின்றனர். இந்த ஊசி புதிதாகப் பாலை உண்டாக்குவதில்லை. மடியில் இருப்பதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவே. தினமும் போட்டால் மாடு அதற்குப் பழகிவிடும். பிறகு ஊசியின்றிப் பால் இறங்காது. கால்நடை மருத்துவரின் சீட்டின்றி இம்மருந்தை வாங்கக் கூடாது. உடல்நலத்தைக் கெடுக்கும் வகையில் கறவை மாட்டுக்கு ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

செய்ய வேண்டியவை

1. தினமும் ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே ஆள் கறக்க வேண்டும்.

2. வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும்.

3. கழுவிய ஒரு நிமிடத்தில் கறக்கத் தொடங்கி, 5 முதல் 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

4. கறக்கும்போது சிறிது கலப்புத் தீவனம் வைக்கலாம். கூச்சலும் அடியும் கூடாது.

5. கடைசிவரை கறக்க வேண்டும். கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். மடியில் பால் தங்கினால் நாளடைவில் சுரப்பும் குறையும்.

இவ்வளவு செய்தும் பால் இறங்காவிட்டால், காம்பில் புண்ணோ மடிநோயோ இருக்கலாம். அத்தகைய மாட்டையும், ஏற்கனவே ஊசிக்குப் பழகிய மாட்டையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டி யோசனை பெறுவது நல்லது.