எண்ணுக்கு ஊர் எது?



சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு நாள் எங்கள் வகுப்புக்குக் கணிப்பொறிப் பாடவேளை. வெளியே வாடைக்காற்று சன்னல் கதவுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களுள் ஒருத்தியின் தந்தை தங்கச்சிமடத்திலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கச் செல்பவர். அவள் கவலையோடு வானிலை கூறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ஊரின் பெயரை அவள் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் தானாகவே ஊரைக் கண்டுபிடித்து, "தெளிந்த வானம், மிதமான காற்று" என்று கூறியது. அவள் முகம் மலர்ந்தது. பிறகுதான் மேலே சிறிய எழுத்தில் "சென்னை" என்று இருந்ததைக் கண்டோம். அன்று பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது!

நல்லவேளையாக அவள் தந்தை நம்பியது கூண்டைத்தான், கடலுக்குப் போகவில்லை. ஆனால் சிஸ்டர் எங்களை விடவில்லை. "நீங்கள் இருப்பது இராமநாதபுரத்தில். உங்களைச் சென்னையில் கொண்டுபோய் உட்கார வைத்தது யார்? கண்டுபிடித்து எழுதுங்கள்" என்றார்கள். நாங்கள் தேடிப் படித்து அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

எண்ணும் ஊரும்

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டில் பின்கோடு முறை தொடங்கியது. இராமேஸ்வரத்தின் எண் 623526. இந்த எண் ஊரோடு ஒட்டியது. தபால்காரர் மாறினாலும், வீட்டில் குடியிருப்பவர் மாறினாலும் எண் மாறுவதில்லை.

இணையத்திலும் கடிதம் போலவே செய்திகள் போய்வருகின்றன. ஆகவே அங்கும் முகவரி வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி. பழைய முறைப்படி அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வகையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. எங்கள் பள்ளியில் உள்ள கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்து வெளியுலகுக்கு ஒரே எண்ணாகத் தெரிகின்றன.

ஆனால் இந்த எண் ஊரோடு ஒட்டியதன்று. உலகப் பொது அமைப்பான ஐயானா, எண்களைப் பெரும் தொகுதிகளாகப் பிரித்து ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கு அளித்தது. நம் மண்டலத்துக்குரியது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக். இந்தியாவுக்கென்று 2012 முதல் ஐரின் என்னும் பதிவகம் இருக்கிறது. இவற்றிடமிருந்து இணைய நிறுவனங்கள் எண்களைப் பெற்று நமக்குத் தருகின்றன. ஆகவே பதிவேட்டைப் பார்த்தால் ஓர் எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியும். இன்று எந்த ஊரில் பயன்படுகிறது என்று தெரியாது. நிறுவனத்தின் அலுவலகம் சென்னையில் இருந்தால், இராமநாதபுரத்துப் பெண்களாகிய நாங்களும் சென்னைவாசிகள் ஆகிவிடுகிறோம்!

கைப்பேசியில் இது இன்னும் வேடிக்கை. நம் வட்டாரத்துக் கைப்பேசிகளின் இணையச் செய்திகள் தொலைவிலுள்ள பெரிய நகரத்து நிலையம் வழியாக வெளியேறக்கூடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே எண்ணைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. கொழும்பிலிருந்து இராமேஸ்வரம் கோயிலுக்கு வரும் யாத்திரிகர் தம் ஊர்ச் சிம்மையே பயன்படுத்தினால், அவருடைய செய்திகள் பெரும்பாலும் இலங்கை நிறுவனத்தின் வழியாகவே போகும். அவர் அக்கினி தீர்த்தக் கரையில் நின்றாலும், எண் அவரை இலங்கையில் இருப்பவராகவே காட்டும்.

பேரேடு பழசாகும் விதம்

எண்ணைச் சொன்னால் ஊரைச் சொல்லும் சேவையை நடத்துவோர் ஒரு பெரிய பேரேடு வைத்திருக்கிறார்கள். "இந்த எண் முதல் அந்த எண் வரை இன்ன நாடு, இன்ன நகரம்" என்பது அதன் அமைப்பு. இன்று சரியாக எழுதிய வரி நாளை தவறாகலாம்.

இதைப் புரிந்துகொள்ள நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்கு முந்தைய ரயில் அட்டவணையில் தனுஷ்கோடி ஒரு முக்கிய நிலையம். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் உண்டு. அட்டவணையை எழுதியவர் பிழை செய்யவில்லை. ஊர்தான் போய்விட்டது. அதுபோலவே சிவகாசியும் காரைக்குடியும் 1985 வரை நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வாண்டு மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பாட்டியின் பழைய கடிதங்களில் "சிவகாசி, இராமநாதபுரம் மாவட்டம்" என்றிருப்பது அன்று மெய், இன்று பிழை.

இணைய எண்களோ இவற்றைவிட வேகமாக இடம் மாறுகின்றன. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் ஐயானாவின் கையிருப்பிலிருந்த பழைய முறை எண்கள் தீர்ந்துபோயின. அதன்பின் எண்கள் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு விலைக்கு மாறலாயின. ஒரு நாட்டில் இருந்த தொகுதி வேறொரு நாட்டுக்குப் போய்விடும். பேரேடு மட்டும் பழைய நாட்டையே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு பண்ணை வீட்டின் துன்பம்

"தவறினால் என்ன? வானிலைதானே!" என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஆனால் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் நடந்ததை அறிந்தபின் எங்கள் எண்ணம் மாறிவிட்டது.

மாக்ஸ்மைண்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் இத்தகைய பேரேட்டை நடத்துகிறது. ஓர் எண் அமெரிக்காவில் உள்ளது என்று மட்டும் தெரிந்து ஊர் தெரியாதபோது, அந்த நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்தது. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று வடக்கு 38 பாகை, மேற்கு 97 பாகை என முழு எண்களாக வைத்தார்கள். அந்தப் புள்ளி பாட்வின் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்த ஒரு வீட்டையே காட்டின!

விளைவு என்ன? எங்கோ ஒருவன் இணையத்தில் மோசடி செய்தால், காவலர்கள் இந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எங்கோ ஒருவர் தற்கொலை செய்வதாக எழுதினால், ஆம்புலன்ஸ் இங்கே வந்து நின்றது. உதவி வேண்டியவருக்கு உதவி போகவில்லை. குற்றமற்றவருக்கோ நிம்மதி போயிற்று. பல ஆண்டுகள் இப்படியே நடந்து, 2016-இல் ஒரு பத்திரிகையாளர் விசாரித்து எழுதிய பின்னரே காரணம் வெளிப்பட்டது. அதன்பின் அந்தப் புள்ளி ஓர் ஏரியின் நடுவே மாற்றப்பட்டது.

"தெரியாது" என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு வீட்டின் இருப்பிடத்தை எழுதியதே இத்தனைக்கும் காரணம்.

பேரேட்டைச் சரியாக வைத்திருப்பது எப்படி?

முதலாவது, பதிவகங்களின் ஏடுகளை அடிக்கடி பார்த்து, எந்தத் தொகுதி கைமாறியது என்று அறிய வேண்டும்.

இரண்டாவது, உண்மை அறிந்தவரே சொல்ல வேண்டும். எந்த எண்ணை எந்த ஊரில் கொடுத்தோம் என்பது இணைய நிறுவனத்துக்குத்தான் தெரியும். அதனால் எண், நாடு, மாநிலம், நகரம் என வரிசையாக எழுதிய எளிய பட்டியலை நிறுவனங்களே வெளியிடும் முறை 2020-இல் வகுக்கப்பட்டது. பேரேடு நடத்துவோர் அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலை வெளியிட்டவர் அதைப் புதுப்பிக்க மறந்தால் மீண்டும் பழைய கதைதான்.

மூன்றாவது, அளந்து பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வரும் பயணம் என்பதால், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 100 கிலோமீட்டர் தூரம் என்று கொள்ளலாம். சென்னையிலிருந்து ஓர் எண்ணுக்குக் கேள்வி அனுப்பி, ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடியில் பதில் வந்தால், அது சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இராமநாதபுரத்தில் அது இருக்கவே முடியாது. ஆனால் பதில் தாமதமானால் தொலைவு என்று முடிவு கட்டக்கூடாது. வழியில் நெரிசல் இருக்கலாம், கம்பி சுற்றுவழியில் வந்திருக்கலாம்.

நான்காவது, பயன்படுத்துவோர் பிழையைக் கண்டால் தெரிவிக்க வேண்டும். நடத்துவோர் அதைச் சோதித்துத் திருத்த வேண்டும். ஊரைச் சொல்லும்போது "இத்தனை கிலோமீட்டர் தவறலாம்" என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நாங்கள் செய்தது

சிஸ்டரின் அனுமதியோடு அந்தப் பேரேட்டின் திருத்தப் படிவத்தை நிரப்பி, "நாங்கள் இராமநாதபுரத்தில் இருக்கிறோம்" என்று எழுதி அனுப்பினோம். சில வாரங்கள் கழித்து அதே வானிலைப் பக்கத்தைத் திறந்தோம். மேலே "மதுரை" என்றிருந்தது! வகுப்பே சிரித்தது. சென்னையிலிருந்து மதுரை வரை வந்துவிட்டோம். மீதித் தூரத்துக்கு மறுபடியும் எழுதியிருக்கிறோம்.

தோழியரே, வானிலை பார்க்கும்போது முதலில் நம் ஊர்ப் பெயரை நாமே கொடுப்போம். ஆபத்தில் 112-ஐ அழைத்தால், கருவி அறிந்துகொள்ளும் என்று இராமல், ஊரையும் தெருவையும் வாயாலேயே தெளிவாகச் சொல்வோம். தங்கச்சிமடத்துத் தோழி இப்போதும் கணிப்பொறியில் வானிலை பார்க்கிறாள். ஆனால் பார்த்தவுடன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, "பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்கு வருகிறாள்.