தவிட்டையும் சேர்த்துச் சாப்பிடு

அன்புள்ள கயல்விழி,

இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு அதுதான் கவலை. என் கவலை வேறு. எதையெல்லாம் விட்டாய் என்று ஒரு பக்கம் எழுதிய நீ, எதைச் சாப்பிடுகிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மைதா பரோட்டாவும் சிப்ஸும் சர்க்கரைத் தண்ணீரான பாட்டில் பானங்களும்கூடத் தாவரத்திலிருந்து வந்தவைதான். பரம்பரைச் சைவர்களாக இருந்தும், நாற்பது வயதிலேயே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களை நீயே பார்த்திருப்பாய். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டது. வெறும் தாவர உணவு போதாது கண்ணு, முழு உணவாகவும் இருக்க வேண்டும்.

இந்த உண்மையை மருத்துவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவை கோழிகள். 1890 வாக்கில் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அந்த நோய் போலவே கால்கள் துவண்டன. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தபோது, நோய் கண்ட நாள்களில் ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கோழிகளுக்குத் தர மறுத்ததால் தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். தீட்டும்போது தவிட்டோடு போனது பி1 உயிர்ச்சத்து என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் 1918இல் மெக்காரிசன் என்ற மருத்துவர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். ஐதராபாத்தில் இன்று இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நெல்லை அவித்துப் புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசி நம் மக்களைப் பெருமளவு காத்தது அப்படித்தான். ஆனால் பாலீஷ் போட்டால் நார்ச்சத்து போய்விடும். நார் இல்லாத சோறு விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும். பழத்தைக் கடித்துத் தின்னாமல் ஜூஸாக வடிகட்டிக் குடித்தாலும் இதே கதைதான்.

விடுதி மெஸ்ஸில் கைக்குத்தல் அரிசி கிடைக்காது, தெரியும். அதற்காகச் சோர்ந்துவிடாதே. சோற்றைப் பாதியாகக் குறைத்து, பொரியலையும் கூட்டையும் இரண்டு மடங்காக வாங்கிக்கொள். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டலாகச் சாப்பிடு. பாலை விட்டவளுக்குக் கேழ்வரகுதான் பெரிய துணை. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வெள்ளரிசி அதன் பக்கத்தில்கூட வராது. கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள், இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி.

இனிச் சொல்வதில் மட்டும் பெரியம்மாவை எதிர்த்துப் பேசாதே. பி12 எந்தக் காய்கறியிலும் தானியத்திலும் போதுமான அளவு கிடையாது. அதை உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். இட்லி மாவு புளிக்கிறதே, பழைய சோறு இருக்கிறதே என்பார்கள். அவற்றை நம்பி இருக்க முடியாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருடங்கள்கூட ஆகும். கவனிக்காமல் விட்டால் இரத்தசோகை வரலாம், கை கால் மரத்துப்போகலாம், நரம்பு கெடலாம். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்து, அவர் சொல்லும் மாத்திரையைத் தொடங்கு.

தாத்தாவையும் உன் வழிக்குக் கொண்டுவரப் போகிறேன் என்கிறாயே, சந்தோஷம். ஆனால் அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடக்கூடும். அவருடைய டாக்டரிடம் நானே பேசுகிறேன். நீ ஊருக்கு வரும்வரை அவர் தட்டில் கை வைக்காதே.

அன்புடன்,
பெரியம்மா