நிலநடுக்கப் பட்டியலை வடிகட்டுதல்

ஆய்வு மாணவர்களாகிய நம்மிற் பலருக்கு இன்று ஏடுகளைவிட விரிதாள்களோடுதான் பழக்கம் மிகுதி. ஆயிரக்கணக்கான நிரைகளிலிருந்து வேண்டியவற்றை மட்டும் பிரித்தெடுப்பது எவ்வாறு என்பதை, நான் பயிலும் புவி இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டினால் விளக்க விழைகிறேன்.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை, உலக நிலநடுக்கங்களின் பட்டியலை எவரும் பெறுமாறு வழங்கி வருகிறது. ஒரு தேடலுக்கு 20,000 பதிவுகள் வரை கிடைக்கும். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு என நிரல்கள் அமைந்திருக்கும்.

1993 செப்டம்பர் 30 அன்று விடியற்காலை 3 மணி 56 நிமிட அளவில், மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை ஒரு நிலநடுக்கம் அழித்தது. உறக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எனினும், அந்த நாளை இட்டுப் பட்டியலை வடிகட்டினால் அப்பதிவு வராது! பட்டியலில் உள்ளது உலகப் பொது நேரம். நம் நேரமோ அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அங்கே அது 29ஆம் நாள் இரவு 22 மணி 25 நிமிடம். பிற நாட்டு நடுக்கங்கள் 30ஆம் நாளின்கீழ் வந்து நிற்பதால் நமக்கு ஐயமும் எழாது. எக்செல் கேட்டதற்கு விடை தந்துவிட்டு வாளாவிருக்கும்.

ஆகவே முதலில் நேரத்தைத் திருத்த வேண்டும். நாளுக்கும் மணிக்கும் இடையே ‘டி’, இறுதியில் ‘இசட்’ என்ற எழுத்துகள் இருப்பதால், எக்செல் அதனை நேரமாகக் கொள்ளாமல் வெறும் சொல்லாகவே கொள்ளும். முதல் 10 எழுத்துகளை நாளாகவும், 12ஆம் எழுத்து முதல் 8 எழுத்துகளை மணியாகவும் மாற்றிக் கூட்டி, 5.5/24 சேர்த்துப் புதிய நிரல் ஒன்று அமைத்துக்கொள்க. மூல நிரலை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது இடம். ஊர்ப்பெயரால் வடிகட்டுவதை நான் விரும்புவதில்லை. திருச்சிராப்பள்ளியை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை விடுதிப் பதிவேட்டிலேயே காணலாம்! அட்சரேகை 17 முதல் 19, தீர்க்கரேகை 75 முதல் 78 என எண்ணெல்லை இடுவதே நன்று. குறியிட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியலையும் முழுதும் நம்பலாகாது. அது 10,000 வெவ்வேறு மதிப்புகளுக்குமேல் காட்டாது.

வடிகட்டியபின் எஞ்சியவற்றை எண்ண ‘சப்டோட்டல்’ சார்பைக் கொள்க. ‘கவுண்ட்ஏ’ மறைந்த நிரைகளையும் சேர்த்தே எண்ணிவிடும்.

தெரிந்த பதிவொன்று வருகிறதா என்று சோதிப்பதும் தேவை. 2001 சனவரி 26, காலை 8 மணி 46 நிமிடத்துப் புஜ் நடுக்கம் இதற்கு உதவாது. உலகப் பொது நேரத்திலும் அதற்கு அதே நாள்தான். நேரம் திருத்தாத வடிகட்டியிலும் அது தேறிவிடும். கில்லாரியை இட்டுச் சோதியுங்கள்.